நூறு யார்

முதலில் வந்தது மடக்கும் துப்பாக்கி.
குழலை முழங்காலில் வைத்து முறித்தால்
உள்ளே ஸ்பிரிங் பல்லைக் கடிக்கும்.
புறக்கோட்டை, நாலாம் குறுக்குத் தெரு,
அரிசிக் கிட்டங்கியின் மொட்டைமாடி.
"கொல்லாட்டியும் பரவாயில்ல, றெஜி,
மூட்டையில பீச்சாம இருந்தாச் சரி"
என்றார் ஸுஹைர் ஹாஜியார்.

பதினைந்து யார் தூரம்தான் அதற்கு.
அதற்கு மேல் ரவை களைத்துப்போய்த்
தகரத்தில் விழும்,
கலியாண வீட்டில் எறிந்த அரிசி மாதிரி.
அந்தத் தூரத்தில் புறாவின் கண் தெரியும்:
செம்மஞ்சள், நடுவில் ஒரு கறுப்புக் கடுகு.
அதுவும் என்னைப் பார்க்கும்.
பாதி நாள்
நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.

பிறகு மருமகன் இன்ஷாஃப் பொறுப்புக்கு வந்தான்.
ஆறு அடி-இறாத்தல் பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு முப்பது,
இந்த மார்கழியில் அறுபது.
நான் அறிந்த இறாத்தல் பாண்தான்.
அறுபது பாணை ஒரேயடியாக
ஓர் அடி தூக்குகிற பலமாம்.
புறாவோ ஒரு பாண் நிறையும் வராது.

இதில் ஸ்பிரிங் இல்லை. சிலிண்டர்.
கல்கிசையில் மீன் பார்க்க முங்குகிறவர்களுக்கு
நிலந்த அடைக்கிற அதே காற்று, இருநூறு பார்.
மணிமுள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்
என் சட்டைப் பையில்
இரண்டு இழுப்பு மிச்சமிருந்த இன்ஹேலர்.

நீளப் பையோடு பஸ்ஸில் திரும்புவேன்.
முன்பு மறித்துச் சோதித்த இடத்தில்
இப்போது இளநீர் வண்டி.
ஆனாலும் அங்கே வந்ததும் நாக்கு
தானாகவே ஒத்திகை பார்க்கும்:
"நிக்கங் ஹுலங், சேர்."
வெறும் காற்றுத்தான், ஐயா.
யாரும் கேட்கவில்லை.
கேட்காத கேள்விக்கும் வியர்க்கிறது.

ஸ்கோப்பில் கண் வைத்தால் எல்லாம் கிட்ட.
துறைமுகப் பாரந்தூக்கியின் துரு,
கொடியில் காயும் பள்ளிச் சட்டையின் பேனா மை,
மூன்று கூரை தள்ளி
செத்தல் மிளகாய் பரப்புகிற ஒரு பெண்.
பெருவிரலில் பிளாஸ்டர்.
ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், யாருக்கோ.
நூறு யார் என்று பெட்டியில் போட்டிருந்தது.
அந்த நூறுக்குள் யார் யார் என்று
போட்டிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, அசர் பாங்குக்குக் கொஞ்சம் முன்,
சத்தமே வரவில்லை, தும்மலை அடக்கினது போல ஒன்று.
புறா விழுந்தது.
ரவை விழவில்லை.
அது புறாவுக்குள்ளால் போய்
தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய தண்ணீர்த் தாங்கியில்
வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு பீச்சல்.
ஓடி வந்தாள். அண்ணாந்து
மதிலில் இருந்த காகத்தை ஏசினாள்.
உதடு தெரிந்தது, குரல் இல்லை.
பிறகு ஓட்டைக்குள் விரலை வைத்து
அப்படியே நின்றாள், மிளகாய் நனைய நனைய.
அவள் விரல் அங்கே.
என் விரல் விசையில் இன்னும்.
எடுக்க வேண்டுமென்று
கன நேரம் தோன்றவில்லை.

கீழே இறங்கி எம்-சீல் ஒன்று வாங்கினேன்.
தெருவைக் கடந்தேன். வெங்காய லொறி, கைவண்டி,
செருப்புக் கடைக்கும் மணிக்கூட்டுக் கடைக்கும் இடையில் ஒரு சந்து,
அதற்குள் இன்னொரு சந்து.
மேலிருந்து அவள் பிளாஸ்டரை எண்ணியவனுக்கு
கீழே வாசல் தெரியவில்லை.

மூட்டை இறக்கிய நாட்டாமையிடம் கேட்டேன்:
"மாடியில நீலத் தாங்கி வச்ச வீடு எது, அண்ணே?"
"எல்லா வீட்டிலயும் நீலம்தான்.
ஏன், தண்ணி பில்லா?"

போனில் இன்ஷாஃப் ஒரு படம் அனுப்பியிருந்தான்.
அடுத்தது. இருநூறு யாராம்.
கையில் எம்-சீல் இளகிக்கொண்டிருந்தது.